கையால் திறக்க வேண்டிய மூடி

அண்ணாச்சியிடம் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. திறந்தால் விளக்கெண்ணெய் வாடையும் தோல் வாடையும் கலந்து வரும். உள்ளே உளுந்து வடை அகலத்தில், கிண்ணம்போல் விளிம்பு மடங்கிய நாலைந்து தோல் வாஷர்கள் எண்ணெயில் ஊறிக் கிடக்கும். 1991-இல் அவர் இருந்த, காற்று நிரப்பும் கொட்டகையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, அவற்றை மாட்டுவதற்கான இயந்திரம் எதுவும் அங்கே இல்லை. இருந்தாலும் மாதம் ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்து, புது எண்ணெய் ஊற்றி மூடிவைப்பார். வாலிப வயதில், துறைமுக வேலைகளுக்காகச் செம்புத் தலைக்கவசம் மாட்டிக் கடலில் இறங்கியவர்களுக்கு, படகில் நின்று கைப்பம்பு சுழற்றிக் காற்று அனுப்பியவர் அவர். கீழே போனவனின் மூச்சு அந்தத் தோல் கிண்ணங்களின் விளிம்பில் இருந்தது என்பதை அவர் கை மறக்கவில்லை.

எங்கள் கொட்டகையில் இருந்தது வேறு இயந்திரம். முக்குளிப்பவர்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் சிலிண்டர்களுக்கு 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பும் கம்ப்ரசர். பைக் டயருக்கு நாம் அடிக்கும் காற்றைப்போல ஏறத்தாழ நூறு மடங்கு அழுத்தம். மூன்று நான்கு கட்டங்களாக நசுக்கப்பட்டு, குளிர்ந்து, தண்ணீரும் எண்ணெயும் பிரிக்கப்பட்டு வரும் காற்று, சிலிண்டருக்குப் போகும் முன் கடைசியாக நுழைகிற இடம் ஃபில்டர் டவர். அது தடித்த அலுமினியக் குடுவை. அதன் வாயில் மரை போட்ட மூடி. மூடியின் கழுத்தில் ஒரு கருப்பு ரப்பர் வளையம். உள்ளே மருந்து அடைத்த கார்ட்ரிட்ஜ். கண்ணுக்குத் தெரிகிற பாகங்கள் அவ்வளவுதான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் பார்த்துவரும் வேலையில், அந்த மரையும் வளையமும் பிடித்த இடத்தை வேறெதுவும் பிடிக்கவில்லை.

தோல் காலத்தைப் புரிந்துகொள்ள நம் ஊர் அடிபம்பே போதும். பம்பு தண்ணீர் இழுக்கவில்லை என்றால் ஊரில் எல்லாருக்கும் காரணம் தெரியும்: வாஷர் போய்விட்டது. மெக்கானிக் வந்து கம்பியை உருவி, தேய்ந்த தோலைக் கழற்றி, ஊறவைத்த புதுத் தோலை மாட்டுவார். காய்ந்த தோல் விறைத்துச் சுவரை ஒட்டாமல் நிற்கும். ஊறிய தோல் விளிம்பு விரிந்து சிலிண்டர் சுவரோடு படியும். 1980-களில் கோவை வட்டாரத்தில் அடிபம்புகளை வைத்து நடந்த சோதனைகளில் தோலுக்குப் பதிலாக நைட்ரைல் ரப்பர் வாஷர்கள் போட்டுப் பார்த்தார்கள். அவை தோலைவிட நெடுநாள் உழைத்தன. அதன் பிறகு வந்த பம்புகளில் தோல் மெல்ல மறைந்தது. காற்றுப் பம்புகளில் இதே மாற்றம் அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது.

தலைக்கவச முக்குளிப்பில் தோலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஜெர்மனியில் பிறந்து லண்டனில் பட்டறை நடத்திய அகஸ்டஸ் சீப் 1830-களில் வடிவமைத்த மூடிய உடையிலிருந்து வளர்ந்ததுதான் அந்தச் செம்புத் தலைக்கவசம். தலைப்பகுதியைத் தோள்கவசத்தின் மேல் வைத்து எட்டில் ஒரு சுற்று திருப்பினால் பூட்டிக்கொள்ளும். முழுச்சுற்று மரையை இடையிடையே வெட்டி எடுத்துச் செய்த மரை அது. இரண்டு உலோகத்துக்கும் நடுவே ஒரு தோல் வளையம். தோல் தேய்ந்தால் தலைக்கவசம் எட்டில் ஒரு சுற்றையும் தாண்டிப் போகும், அல்லது தொளதொளவென்று நிற்கும். பூட்டும்போதே கைக்குத் தெரிந்துவிடும்.

பம்புக்குள் நடந்த கசிவு அப்படிக் கைக்குச் சிக்கவில்லை. பிரிட்டிஷ் கடற்படைக்காக ஜே. எஸ். ஹால்டேன் முக்குளிப்பை ஆராய்ந்தபோது, ஆழத்தில் வேலை செய்தவர்கள் மூச்சுத் திணறிச் சோர்ந்துபோனதன் காரணங்களில் ஒன்று மேலே இருந்த பம்பு என்று தெரிந்தது. ஆழம் கூடக் கூட எதிரழுத்தம் கூடி, பிஸ்டன் ஓரமாகக் காற்று கசிந்து திரும்பியது. கைப்பிடி சுழல்கிறது, காற்று போகிறது என்று மேலே நின்றவர்கள் நம்பினார்கள். கீழே இருந்தவன் தன் மூச்சுக் கரியமிலவாயுவையே திரும்பச் சுவாசித்தான். அந்த ஆழத்தின் அழுத்தத்தில் அளந்து நிமிடத்துக்கு ஒன்றரைக் கன அடி காற்று தலைக்கவசத்துக்குள் போக வேண்டும் என்ற கணக்கை ஹால்டேன் வகுத்தார். அண்ணாச்சிக்கு ஹால்டேன் பெயர் தெரியாது. ஆனால் அவர் படகில் ஒவ்வொரு காலையும் பம்பின் வாயை அடைத்துவிட்டு நான்கு சுற்று சுற்றிப் பார்ப்பார்களாம். அழுத்தம் காட்டும் முள் ஏறி நின்றால் முக்குளிப்பு. இறங்கினால் அன்றைக்குத் தோல் மாற்றும் வேலை.

பிறகு காற்றைக் குழாயில் அனுப்புவதை விட்டு, முதுகில் சுமந்து போகும் காலம் வந்தது. 1943-இல் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் மூச்சுக்கருவியைச் செய்து முடித்தார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது நம் கடலுக்கும் வந்துவிட்டது. 1956-இல் திருகோணமலைச் சுவாமி மலையடியில் இறங்கிய மைக் வில்சன், கடலுக்குள் கிடந்த கோணேசர் கோயில் இடிபாடுகளைக் கண்டார். 1990-களின் தொடக்கத்தில் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் பூம்புகார்க் கடலில் 23 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி லாட வடிவ அமைப்பு ஒன்றைத் தடவிப் பார்த்தார்கள். அந்த ஆழத்துக்கெல்லாம் மனிதனோடு போன காற்று, கரையிலோ படகிலோ ஒரு கம்ப்ரசரிலிருந்து வந்த காற்று.

அந்தக் காற்று கெட்டால் என்ன ஆகும் என்பதைக் கூஸ்தோவே பட்டுத் தெரிந்துகொண்டார். 1946-இல் தெற்குப் பிரான்சின் வோக்லூஸ் ஊற்றுக் குகையில் அவரும் ஃபிரெடெரிக் துமாவும் இறங்கினார்கள். கீழே இருவருக்கும் புத்தி தடுமாறியது. சாவின் விளிம்பிலிருந்து மேலே இழுக்கப்பட்டார்கள். பிறகு பார்த்தால், கம்ப்ரசர் தன் எஞ்சின் விட்ட புகையைத் தானே உறிஞ்சிச் சிலிண்டருக்குள் அடைத்திருந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. கரையில் தாங்கக்கூடிய அளவு ஆழத்தில் தாங்காது. 30 மீட்டர் ஆழத்தில் சுற்றழுத்தம் நான்கு மடங்கு. அங்கே பத்து லட்சத்தில் 20 பங்கு என்பது, கரையில் 80 பங்கைச் சுவாசிப்பதற்குச் சமம். ஐரோப்பாவில் இப்போது நடப்பிலுள்ள மூச்சுக்காற்றுத் தரம் 5 பங்குக்கு மேல் கூடாது என்கிறது.

ஃபில்டருக்கு இவ்வளவு மரியாதை வந்தது இப்படித்தான். ஆரம்பத்தில் எல்லாமே கையால் அடைத்தவை. ஒரு குழாய்க்குள் கம்பளித் துண்டு, பஞ்சு, கரித்தூள், ஈரம் உறிஞ்ச சிலிக்கா ஜெல். பிறகு மாலிக்குலர் சீவ் என்ற மணிகள் வந்தன. முதல் உலகப் போர்க் காலத்தில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கலிஃபோர்னியா ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களில் உருவாகி, இரண்டின் பெயரையும் சேர்த்துச் சூட்டிய ஹாப்கலைட்டும் சேர்ந்தது. மாங்கனீசு, செம்பு ஆக்சைடுகளின் அந்தக் கலவை கார்பன் மோனாக்சைடைக் கரியமிலவாயுவாக மாற்றிவிடும். ஈரம் பட்டால் மட்டும் செத்துப்போகும். அதனால் அதற்கு முன்னால் இருக்கும் உலர்த்தி சரியாக வேலை செய்ய வேண்டும்.

அந்தக் காலத்துக் குழாய் மூடிகளை அடைத்தது தட்டையான வாஷர். செம்பு, ஃபைபர், சில இடங்களில் தோல். தட்டை வாஷர் நசுங்கினால்தான் அடைக்கும். நசுங்க வேண்டுமானால் இறுக்க வேண்டும். நீளமான ஸ்பேனர், அதன் வாலில் ஒரு குழாய்த்துண்டு, இரண்டு பேர் பலம். கசிந்தால் இன்னும் கால் சுற்று. அப்படி இறுக்கி இறுக்கியே மரை தேயும். தேய்ந்தால் லேத் பட்டறைக்காரர் புது மரை வெட்டிக் கொடுப்பார். சணலைச் சுற்றி வெள்ளைப் பசை தடவி மாட்டிய மரைகளையும் அண்ணாச்சி பார்த்திருக்கிறார். இறுக்கம்தான் பாதுகாப்பு என்று ஒரு தலைமுறையின் கைகள் கற்றுக்கொண்டன. அந்தக் காலப் பொருளுக்கு அது சரியான பாடமும்கூட.

இந்தப் பாடத்தைத் தலைகீழாக்கியது ஓ-ரிங். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சென், டிராம் வண்டிகளுக்குக் காற்று பிரேக் செய்துகொண்டிருந்தவர். எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 1937-இல், இதற்குக் காப்புரிமை கேட்டு 1939-இல் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் ஹைட்ராலிக் குழாய்களுக்குள் நுழைந்த அந்த வளையம், இன்று தண்ணீர்க் குழாயிலிருந்து விண்கலம் வரை இருக்கிறது. விஷயம் அதன் எளிமையில் இருக்கிறது. உலோகத்தில் ஒரு பள்ளம் வெட்டி, அதில் வட்ட வெட்டுமுகம் கொண்ட ரப்பர் வளையத்தை லேசாக நசுங்கும்படி உட்கார வைக்கிறார்கள். காற்றழுத்தம் ஏறும்போது அதுவே வளையத்தைப் பள்ளத்தின் வெளிச்சுவர் பக்கம் தள்ளி, இடுக்கில் நெருக்கி அடைத்துவிடுகிறது. அழுத்தம் கூடக் கூட அடைப்பும் கூடுகிறது. எந்தக் காற்று தப்பிக்கப் பார்க்கிறதோ அதுவே கதவைச் சாத்துகிறது.

ஆகவே டவர் மூடியைக் கையால் முட்டும் வரை திருகினால் போதும். அதற்கு மேல் இறுக்குவது அடைப்பைக் கூட்டாது, மரையைத்தான் கெடுக்கும். ஓ-ரிங்குக்கு வேண்டியது பலமில்லை, சுத்தம். பள்ளத்தில் ஒரு மணல் துகள், ஒரு தலைமுடி, உலோகத்தில் ஒரு கீறல் இருந்தால் போதும், அந்த வழியே 200 பார் காற்று வெளியே வந்துவிடும். பொருள் மாறிவிட்டது, நம் கைகள் மட்டும் இன்னும் ஸ்பேனரைத் தேடுகின்றன. முப்பது ஆண்டுகளில் நான் பார்த்த சேதங்களில் பெரும்பாலானவற்றின் வேர் இதுதான்.

நானே அப்படித் தேடியவன். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, கார்ட்ரிட்ஜ் மாற்றச் சொல்லிவிட்டு அண்ணாச்சி டீ குடிக்கப் போயிருந்தார். நிரப்பும் பலகையில் இருந்த கேஜ் பூஜ்யம் காட்டியது. மூடியில் கை வைத்தேன், அசையவில்லை. துணி சுற்றிப் பிடித்தேன், அசையவில்லை. உப்புக்காற்றில் இறுகிவிட்டது என்று நினைத்து, மூலையில் கிடந்த செயின் ரிஞ்சை எடுத்துக்கொண்டு திரும்பினால் வாசலில் அவர் நிற்கிறார்.

“எங்கலே போற, அத எடுத்துக்கிட்டு?”

“மூடி இறுகிப்போச்சு அண்ணாச்சி. கையால வரமாட்டேங்குது.”

“கையால வரலன்னா உள்ள ஆளு இருக்கான்னு அர்த்தம். வையி கீழ.”

டீ கிளாஸைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தார். கம்ப்ரசரைச் சுற்றி வந்து, டவர் தலையில் இருந்த சிறிய வெளியேற்றுத் திருகை ஒரு நூல் அளவு தளர்த்தினார். சீறல் கிளம்பியது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நிற்கவே இல்லை. அது அடங்கும்வரை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கடைசியில் சத்தம் ஓய்ந்ததும், “இப்பத் தொறலே” என்றார். இரண்டு விரலால் திருப்பினேன், சுழன்று வந்தது.

கேஜ் பொய் சொல்லவில்லை. அது வேறு இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. டவருக்கும் நிரப்பும் பலகைக்கும் நடுவே அழுத்தம் காக்கும் வால்வு ஒன்று உண்டு. டவருக்குள் 150 பார் அளவுக்கு அழுத்தம் ஏறிய பிறகே அது வழிவிடும். அழுத்தத்தில் தண்ணீர் நன்றாகப் பிரியும், மருந்துக்கும் காற்றோடு ஈடுகொடுக்க அவகாசம் கிடைக்கும் என்பதற்காக வைத்தது. அதனால் இயந்திரத்தை நிறுத்தி, குழாயிலிருந்த காற்றை விட்டு, வெளிக்கேஜ் பூஜ்யத்துக்கு வந்த பிறகும், டவருக்குள் காற்று அப்படியே அடைபட்டு நிற்கும்.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மூடியின் உள்விட்டம் 60 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 28 சதுர சென்டிமீட்டர். 200 பாரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் 204 கிலோ. மொத்தம் ஐந்தே முக்கால் டன். பெரிய யானை ஒன்றின் எடையை அந்த மூடி தன் மரைகளால் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த எடை மரையின் சரிவுகளை ஒன்றோடொன்று நெருக்குவதால் உராய்வு கூடி, கையால் திருப்ப முடியாமல் போகிறது. கை தோற்பதே எச்சரிக்கை. இரண்டடி நீள ரிஞ்சால் அந்த எச்சரிக்கையை வென்றுவிடலாம். கடைசி மரை விடுபடும் நொடியில் மூடி பீரங்கிக் குண்டாகிவிடும். எதிரே குனிந்து நிற்பது திருகுகிறவனின் முகம்.

அன்றிலிருந்து எங்கள் கொட்டகையில் டவர் மூடிக்கு ரிஞ்ச் கிடையாது. அழுத்தம் முழுவதும் போன பிறகும் மூடி கையால் வரவில்லை என்றால் அது மரை நோய்ப்பட்டதற்கு அறிகுறி. அதைப் பலத்தால் தீர்க்கக் கூடாது.

மரை நோய்ப்படுவது எப்படி என்று சொல்கிறேன். அலுமினியமும் அலுமினியமும் உரசும்போது, நடுவே மசகு இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று பற்றிப் பிய்த்துக்கொள்ளும். மரை மேல் ஏற்றியிருக்கும் கடினமான ஆக்சைடு பூச்சு இதைத் தடுக்கிறது. அந்தப் பூச்சு ஒரு இடத்தில் உரிந்தால், கடற்கரை ஈரமும் உப்பும் அங்கே குடியேறி வெள்ளைப் பொடி கட்டும். கம்பிப் பிரஷ்ஷால் அந்தப் பொடியைத் தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பதறும். பொடியோடு பூச்சும் போய்விடும். பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். அழுக்கு பிடிவாதமாக இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த, நூல் பிரியாத துணி. மண்ணெண்ணெயும் பெட்ரோலும் அந்தப் பக்கமே வரக்கூடாது. அந்த ஆவி நாளைக்கு ஒருவர் மூச்சில் போகும்.

துடைத்த பிறகு நகத்தை மரையில் வைத்து மெல்ல ஓட்டுவேன். நல்ல மரையில் நகம் தடையில்லாமல் ஓடும். எங்காவது தட்டினால் அங்கே விளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். முக்கியமாகச் சுமை முதலில் விழும் மரையை. எல்லா மரையும் சமமாகச் சுமப்பதில்லை. முதலில் பற்றும் ஒரு மரை மட்டும் மொத்தச் சுமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகிறது. வெடிப்பு தொடங்கினால் பெரும்பாலும் அதன் அடிக்கோட்டில்தான் தொடங்கும். ஒவ்வொரு முறை அழுத்தம் ஏறி இறங்கும்போதும் அலுமினியம் கொஞ்சம் களைக்கிறது. அந்தக் களைப்பு ஆறாது, சேர்ந்துகொண்டே போகும். அதனால் குடுவைகளுக்கு ஆயுளை ஆண்டில் மட்டும் அளப்பதில்லை, இத்தனை ஆயிரம் முறை ஏறி இறங்கலாம் என்று தயாரிப்பாளர் எண்ணிக்கை கொடுக்கிறார். எண்ணிக்கை முடிந்தால் குடுவை வெளியே. லேத்தில் புது மரை வெட்டி இன்னும் கொஞ்ச நாள் ஓட்டும் பழைய வழக்கத்துக்கு இங்கே இடமில்லை. பட்டறைக்காரர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் சரி, சுவரின் கனத்தைக் குறைத்துக் கொடுக்கும் மரை எமன்.

இனி வளையம். அதைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் முனையை விடுகிறவர்கள் உண்டு. அந்த முனை பள்ளத்தில் போடும் கீறல், வளையத்தை எத்தனை முறை மாற்றினாலும் கசியும். மூங்கில் குச்சியைச் சீவி வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் கொக்கியும் நல்லதுதான். கழற்றிய வளையத்தை இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே பிடித்து, சூரிய வெளிச்சத்தில் மெல்ல முறுக்கிச் சுற்றிப் பார்ப்பேன். அது நடந்ததையெல்லாம் சொல்லும். ஒரு பக்கம் தட்டையாகி வட்டம் பிறை ஆகியிருந்தால், ரப்பர் தன் மீளும் குணத்தை இழந்துவிட்டது. விளிம்பில் எலி கடித்ததுபோல் சிறு சிறு துண்டு போயிருந்தால், அழுத்தம் அதை இடுக்குக்குள் பிதுக்கியிருக்கிறது. ஒன்று வளையம் மெத்து, அல்லது மூடிக்கும் குடுவைக்கும் இடைவெளி கூடிவிட்டது. கொப்புளம் தெரிந்தால், ரப்பருக்குள் ஊறிய காற்று, அழுத்தத்தைச் சட்டென்று விட்டபோது உள்ளிருந்தே வெடித்து வந்திருக்கிறது. யாரோ வால்வை அவசரமாகத் திறந்திருக்கிறார்கள். முறுக்கும்போது மயிரிழை வெடிப்புகள் வாய் திறந்தால் வயது, வெயில், அல்லது மின்மோட்டார் பொறியில் பிறக்கும் ஓசோன்.

கிரீஸ் பற்றி ஒரு சண்டையே உண்டு. பிள்ளைகள் பரோட்டா மாவுக்கு எண்ணெய் ஊற்றுவதுபோல் தடவிவிடுகிறார்கள். வேண்டியது விரலில் பளபளப்பு தெரிகிற அளவு. மிஞ்சினால் அது தூசியைப் பிடிக்கும். பிதுங்கிய கிரீஸ் நுண்துளைகளை அடைக்கும். வளையத்துக்கு மூச்சுக்காற்றுக்கு உகந்த சிலிகோன் கிரீஸையும், மரைக்குத் தயாரிப்பாளர் சொன்ன கிரீஸையும் தடவ வேண்டும். ஆக்சிஜன் கூட்டிய நைட்ராக்ஸ் கலவை நிரப்பும் இடங்களில் சிலிகோனும் ஆகாது. அதற்கென்று ஆக்சிஜனோடு தீப்பற்றாத தனி கிரீஸ் இருக்கிறது, விலையும் கூடுதல்தான். விலையைப் பார்த்து அங்கே சிக்கனம் பிடிப்பவர்கள் அந்தக் கலவையையே நிரப்பாமல் இருப்பது நல்லது.

நம் கடற்கரையின் வெக்கை இந்த வேலையை இரட்டிப்பாக்குகிறது. குளிர் நாட்டுக் கையேடு 20 டிகிரி வெப்பத்தை வைத்துக் கார்ட்ரிட்ஜுக்கு மணிக்கணக்கு கொடுக்கும். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் தண்ணீரைத் தாங்கும்; 30 டிகிரியில் 30 கிராம்; 35-இல் ஏறத்தாழ 40. அந்தக் காற்றை 200 பாருக்கு நசுக்கினால் ஒரு கன மீட்டர் ஐந்து லிட்டராகச் சுருங்கிவிடும். அந்த ஐந்து லிட்டர் ஆவியாகத் தாங்கக்கூடியது ஒரு கிராமில் சிறு பங்கு. மிச்சமெல்லாம் தண்ணீராகக் கொட்டும். பிரிப்பானின் அடியில் இருந்து பால் நிறத்தில், எண்ணெயும் தண்ணீரும் கலந்து வரும் அதைக் கால் மணிக்கு ஒருமுறை திறந்துவிடாவிட்டால், அது அடுத்த டவருக்கு ஏறி, மருந்தை நனைத்து, ஹாப்கலைட்டைக் கொன்று, குடுவையின் அடியில் தேங்கி, அலுமினியத்தை அரிக்கத் தொடங்கும். மே மாதத்தில் கையேட்டின் மணிக்கணக்கைப் பாதியாக வெட்டித்தான் நான் கார்ட்ரிட்ஜ் மாற்றுகிறேன்.

இன்றைய கார்ட்ரிட்ஜ் ஒரு வரம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கரித்தூளைக் கையால் இடித்து அடைத்தபோது எங்காவது ஒரு சந்து விழும். காற்று சோம்பேறி, அந்தச் சந்து வழியே மருந்தைத் தொடாமல் போய்விடும். தொழிற்சாலையில் அடைத்து மூடிவரும் குழலில் அது இல்லை. ஆனால் அந்தக் குழலின் அடியில் இருக்கும் சின்னஞ்சிறு ஓ-ரிங்கை எத்தனை பேர் பார்க்கிறார்கள்? மூடியின் வளையம் கசிந்தால் சீறும், சோப்புத் தண்ணீரில் நுரைக்கும், தெருவுக்கே கேட்கும். அடிவளையம் கசிந்தால் சத்தமே வராது. வடிகட்டாத காற்று, வடிகட்டிய காற்றோடு குடுவைக்குள்ளேயே கலந்து சிலிண்டருக்குப் போய்விடும். தோல் காலத்துக் கசிவு மேலே நின்றவனின் காதுக்கோ கைக்கோ என்றாவது ஒருநாள் அகப்பட்டது. இந்தக் கசிவு கீழே இறங்கியவனின் நுரையீரலுக்கு மட்டும்தான் தெரியும். சில தயாரிப்பாளர்கள் இதற்காகவே குடுவையில் ஒரு பாதுகாப்புத் துளை வைக்கிறார்கள்: கார்ட்ரிட்ஜ் இல்லாவிட்டாலோ சரியாக அமராவிட்டாலோ காற்று அதன் வழியே வெளியேறிவிடும், அழுத்தம் ஏறாது. அந்தத் துளை சீறுகிறதே என்று அதை அடைத்து வைத்திருந்த ஒரு இயந்திரத்தை நான் பார்த்திருக்கிறேன். யார், எங்கே என்று சொல்லப் போவதில்லை. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஈரத்தை உணர்ந்து விளக்கெரியும் கருவிகளும், கார்பன் மோனாக்சைடு ஏறினால் இயந்திரத்தையே நிறுத்திவிடும் கருவிகளும் இப்போது வந்துவிட்டன. வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும், உயிர் காக்கும். ஆனால் அவை எதுவும் மரையைத் துடைப்பதில்லை. வளையத்தை வெளிச்சத்தில் முறுக்கிப் பார்ப்பதில்லை. புது இயந்திரம் வாங்கி இரண்டு ஆண்டு மூடியைத் திறக்காமலே ஓட்டியவர்கள், திறக்கும் அன்று ரிஞ்சோடு வந்து நிற்கிறார்கள். கடையில் ஓ-ரிங் வாங்குவதும் அப்படித்தான். பழையதைக் கொண்டுபோய் மேசையில் வைத்து, அதே அகலத்தில் ஒன்று கொடுங்கள் என்கிறார்கள். நசுங்கிய வளையத்தின் அகலம் அதன் உண்மை அகலம் கிடையாது. நைட்ரைல் ரப்பரும் விட்டான் ரப்பரும் கருப்பில் ஒன்றுபோலவே இருக்கும். கடினம் 70 உள்ள வளையமும் 90 உள்ள வளையமும் விரலுக்குக் கொஞ்சம்தான் வேறுபடும், 300 பாரில் வேறுபாடு வெளிப்பட்டுவிடும். பாக எண்ணைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். வாங்கியதை ஆணியில் மாலைபோலத் தொங்கவிடாமல், உறையோடு இருட்டில் வைக்க வேண்டும்.

அண்ணாச்சி போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் டப்பா என்னிடம் இருக்கிறது. தோல் வாஷர்கள் இன்னும் மெத்தென்று இருக்கின்றன. புதிதாக வேலைக்கு வரும் பையன்களிடம் அதைத் திறந்து கொடுத்து, ஒன்றை எடுத்து மடக்கிப் பார்க்கச் சொல்வேன். பிறகு டவர் மூடியைக் காட்டி, ரிஞ்ச் இல்லாமல் திறக்கச் சொல்வேன். திறந்த தேதி, வளையம் மாற்றிய தேதி, ஓடிய மணி, மரையில் பார்த்தது எல்லாம் நோட்டில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அன்றைக்கு நிரப்பும் வேலை கிடையாது.

சங்குக்குளிக்குப் போகும் நம் பிள்ளைகள், வாகனத்துக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரில் குழாய் மாட்டிக்கொண்டு இறங்குகிறார்களே, அவர்களுக்கு இந்த வடிகட்டல் எதுவுமே இல்லை. எஞ்சின் புகைக்கும் எண்ணெய் ஆவிக்கும் நுரையீரலுக்கும் நடுவே ஒரு குழாய்தான். அந்த முறையை மாற்றுவதற்குச் செலவாகும். ஆனால் ஒருவர் உயிரைவிட அது கூடுதல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புதுச்சேரியிலோ அந்தமானிலோ திருகோணமலையிலோ ஆசையாகச் சிலிண்டர் மாட்டிக்கொண்டு மீன் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படகில் ஏறும் முன் காற்று நிரப்பும் கொட்டகையை ஒருமுறை எட்டிப் பாருங்கள். டவர் மூடியைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள், வளையம் எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். நல்ல கொட்டகைக்காரர் கோபிக்க மாட்டார், நோட்டை எடுத்து நீட்டுவார். நோட்டு இல்லை என்றால் அந்தச் சிலிண்டரில் இறங்காதீர்கள்.